தண்ணி இல்லாததால பெயிண்ட் கெடாது, அழுக்குத் துணியாலதான் கெடும்

நடுவர் அவர்களே, தண்ணி ஊத்தாம ஒரு ஸ்ப்ரே அடிச்சு துணியால கார தொடைக்கிற வாட்டர்லெஸ் வாஷ் பெயிண்ட கெடுக்காதுங்கிறதுதான் எங்க அணியோட வாதம். எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் ஒரே கேள்வியத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாரு, மண்ணு படிஞ்ச வண்டிய தண்ணி ஊத்தாம தொடச்சா கீறல் விழாதான்னு. வெறும் துணியால தொடச்சா கண்டிப்பா விழும்ங்க. ஆனா வாட்டர்லெஸ் வாஷ்னா வெறும் துணியால தொடைக்கிறதுன்னு அவருக்கு யாரு சொன்னா?

பெயிண்ட் எப்படி இருக்குன்னு முதல்ல பாருங்க. தகரத்துக்கு மேல ப்ரைமர், அப்புறம் கலர், எல்லாத்துக்கும் மேல கிளியர் கோட்னு நிறமே இல்லாத ஒரு லேயர். அது பொதுவா 40, 50 மைக்ரான்தான், பெரும்பாலும் தலைமுடி தடிமன் கூட வராது. ரோட்டு தூசியில இருக்குற மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், மோஸ்னு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் போற கடினத்தன்மை அளவுல 7, அந்த கிளியர் கோட்ட சுலபமா கீறிடும். அந்த மணல் துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவுல மாட்டி, மேல கை அழுத்தமும் விழுந்தா, வெயில்ல சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா தெரியுதே, அந்த ஸ்வர்ல் மார்க் வருது. இது ஒரு பக்கெட் தண்ணி ஊத்திட்டு தேச்சாலும் வரும், ஊத்தாம தேச்சாலும் வரும்.

இப்போ அந்த ஸ்ப்ரே என்ன பண்ணுதுன்னு கேளுங்க. அதுல இருக்குற, சோப்பு மாதிரி வேலை செய்யுற சர்ஃபேக்டன்ட் அழுக்க இளக்குது, பாலிமர் மணலுக்கும் பெயிண்டுக்கும் நடுவுல வழுவழுன்னு ஒரு படலமா நிக்குது. தாராளமா அடிச்சு, கொஞ்ச நேரம் ஊற விட்டு, தடிமனான மைக்ரோஃபைபர் துணிய அழுத்தாம ஒரே திசையில இழுத்தா அழுக்கு துணிக்குள்ள போயிடும். நாலா மடிச்ச துணியில எட்டு பக்கம் கிடைக்கும், ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பக்கம், மேல இருந்து ஆரம்பிச்சு கதவோட அடிப்பாகம் கடைசி. வெயில்ல கொதிக்கிற பானட்ல அடிச்சா உடனே காஞ்சிடும், அதனால நெழல்ல நிறுத்திட்டுதான் பண்ணணும்.

சரி, எதிரணி பெருமையா பேசின தண்ணி வாஷ் நம்ம அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல எப்படி நடக்குது? ஒரு பக்கெட், ஒரு துணி, வரிசையா நிக்கிற அத்தனை காரும். மூணாவது வண்டிக்கு வரும்போதே தண்ணி சேறு, முதல் வண்டியோட மணல் எல்லாம் அந்தத் துணியிலதான் இருக்கு, அதையே தெனமும் காலையில எல்லா வண்டி மேலயும் தேய்க்கிறோம். தொடைக்கிற அண்ணன நான் குத்தம் சொல்ல மாட்டேன், மாசத்துக்கு சில நூறு ரூபா கொடுக்குற நாம அவருக்கு நல்ல துணி வாங்கிக் கொடுத்திருக்கோமா?

பறவை எச்சத்தையும் மறந்துட்டாரு நண்பர். அது வெயில்ல காஞ்சா கிளியர் கோட்ட அரிச்சு தடம் பதிச்சிடும், ஞாயித்துக்கிழமை கழுவிக்கலாம்னு விட முடியாது. டிக்கியில ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் துணியும் இருந்தா அங்கேயே ஊற வெச்சு எடுத்துடலாம்.

2019 கோடையில சென்னையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அந்த மாதிரி நேரத்துல ஹோஸ் பிடிச்சு கழுவ முடியுமா? 2024 மார்ச்ல பெங்களூருல குடிநீர்ல கார் கழுவினா 5000 ரூபா அபராதம்னே சொல்லிட்டாங்க. அப்படி ஒரு நேரத்துல காஞ்ச டஸ்டர எடுத்து வண்டி மேல தேய்க்கிறதுக்கு இது எவ்வளவோ பாதுகாப்பு.

ஒன்னு ஒத்துக்கறேன். மழையில ஓடி சேறு அப்பின வண்டிக்கு இது சரிவராது, முதல்ல தண்ணி பீய்ச்சி சேத்த எறக்கியே ஆகணும், அத மறைச்சுப் பேச எனக்கு மனசு வராது. ஆனா நாம பேசுறது நாள்தோறும் படியிற தூசியப் பத்தி. அடுத்து பேச வர்ற எதிரணி நண்பர் அந்த ஒரு பக்கெட்டுக்கும் ஒரு துணிக்கும் மொதல்ல பதில் சொல்லிட்டு அப்புறம் எங்க ஸ்ப்ரே பாட்டில குறை சொல்லட்டும், நடுவர் அவர்களே.