கடலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகள் கேட்கிற கேள்வி, "எங்கே போறோம்?" அவர்கள் தூங்கின பிறகு பெற்றவர்கள் இரண்டு பேரும் மெதுவான குரலில் கேட்டுக்கொள்கிற கேள்வி, "எவ்வளவு ஆகும்?" இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் எத்தனையோ கடற்கரைப் பயணங்கள் கிளம்பாமலே நின்றுபோகின்றன. ஏப்ரலில் பேசுவோம், மே மாதம் தள்ளிப்போடுவோம், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அப்படித் தள்ளிப்போட்ட வீடுகளை மனதில் வைத்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். முதலில் என் இரண்டு பிள்ளைகள், அப்புறம் தங்கை பிள்ளைகள், இப்போது பேத்தி என்று கூட்டிக்கொண்டு கடலோர விடுதிகளில் தங்கி வருகிறேன். ஓட்டல் இல்லை, விடுதி. அடுக்குக் கட்டில் போட்ட பெரிய கூடம், எல்லோருக்கும் பொதுவான குளியலறை, ஒரே சாப்பாட்டு மேசை. இளைஞர் விடுதி என்பார்கள், ஹாஸ்டல் என்பார்கள், டார்மெட்ரி என்பார்கள். அங்கே வாடகை அறைக்கு இல்லை, கட்டிலுக்கு.

"சின்னப் பிள்ளைகளை வெச்சுக்கிட்டு அங்கேயா?" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களே கேட்டார்கள். அது காலேஜ் பையன்கள் தங்குகிற இடம் என்பது பொதுவான நினைப்பு. அப்படி இல்லை. இன்று உலகம் முழுக்க இருக்கிற இந்த இளைஞர் விடுதி முறை தொடங்கியதே பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை.

ஜெர்மனியில் ஆல்டெனா என்று ஓர் ஊர். கம்பி இழுக்கும் தொழிலுக்குப் பேர்போனது. அந்த ஊர்ப் பள்ளியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். நாலு சுவருக்குள் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைகளைக் காடு மேடு என்று நடத்தியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். 1909-ஆம் வருடம், ஆகஸ்ட் 26. அப்படி ஒரு நெடும் நடையில் போய்க்கொண்டிருக்கும்போது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. கூட இருப்பதோ ஒரு கூட்டம் பிள்ளைகள். ஒதுங்க இடம் வேண்டும். ஒரு விவசாயியிடம் போய்க் கேட்கிறார். களஞ்சியத்தில் படுக்க அவர் இடம் தரவில்லை, வைக்கோல் மட்டும் கொடுத்தார். கடைசியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். விடுமுறைக்காகப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம். வகுப்பறையில் அந்த வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்கவைத்தார். வெளியே இடி.

அவருக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இரவில்தான் அந்த யோசனை வருகிறது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் இருக்கிறது, விடுமுறையில் எல்லாம் காலியாகக் கிடக்கிறது. ஒரு நாள் நடைதூரத்துக்கு ஒன்று என்று திறந்துவைத்தால் எந்த ஏழைப் பிள்ளையும் நாட்டைச் சுற்றிப் பார்க்கலாமே! பாருங்கள், ஒரு வாத்தியாருக்கு, ஒரு மழை ராத்திரியில் வந்த யோசனை. 1912-இல் ஆல்டெனா ஊர்க் கோட்டையிலேயே நிரந்தரமான விடுதி வந்தது. மரத்தில் செய்த அந்தப் பழைய அடுக்குக் கட்டில்களை இன்றும் அங்கே வைத்துக் காட்டுகிறார்கள். 1932-இல் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் ஒன்றுகூடி உலகக் கூட்டமைப்பு அமைத்தன. பிறகு இவர் அதன் தலைவராகவும் இருந்தார். நம் நாட்டிலும் இளைஞர் விடுதிச் சங்கம் இருக்கிறது, குடும்பத்தோடு தங்கலாம்.

நமக்கும் இது புதிதில்லை. ராமேசுவரம் போகிற வழியில் தஞ்சை மராட்டிய அரசர்கள் கட்டிய சத்திரங்களை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் சரபோஜி 1801-இல் எழுதிய கடிதம் ஒன்றில் சத்திரத்தில் என்னென்ன நடக்கும் என்று சொல்லியிருக்கிறார். நடுராத்திரியில் மணி அடித்து, தூங்குகிறவர்களையும் எழுப்பிச் சாப்பிடக் கூப்பிடுவார்களாம். கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொள்வார்களாம். பெற்றவர்கள் இறந்துவிட்டால் பிள்ளைகளை ஏற்றுக்கொள்வார்களாம். பிள்ளைக்குட்டியோடு வருகிறவர்களுக்காகவும் திறந்த கதவு அது. குழந்தைகளோடு பொது இடத்தில் தங்குவது குறைச்சல் என்கிற எண்ணம் நமக்கு எங்கேயோ நடுவில் ஒட்டிக்கொண்டதுதான்.

சரி, கடலுக்கு வருகிறேன். புதுச்சேரிக்குத் தெற்கே, வீராம்பட்டினம் பக்கம் ஒரு விடுதி. பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். ஒரு மே மாதம் போயிருந்தோம். அப்போது என் பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பகலில் பஸ்ஸில் வந்து, சாயங்காலம் பஸ்ஸில் திரும்புகிறவர்களுக்குக் கிடைப்பது வெயில் கடல். ஐஸ் விற்கிறவரும் கூட்டமும் கால் சுடுகிற மணலும்தான். கடலுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தவர்களுக்குத்தான் விடியற்காலைக் கடல் கிடைக்கும். நான் விடுதி விடுதி என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். கையிலிருக்கும் காசுக்குக் கடலுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி படுக்க முடிகிறது.

ஐந்தரை மணி. சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். ஆனால் கரைவலை நடக்கும். வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக இறக்கிவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். இரண்டு வரிசையாக, பின்பக்கமாக நடந்து நடந்து.

பெரியவள் போய் வரிசையின் கடைசியில் நின்று கயிற்றைப் பிடித்தாள். நனைந்த கயிறு, மணல் ஒட்டியிருந்தது, சொரசொரவென்று. வழுக்காமல் இருக்க அதைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். "பாப்பா, கையில சுத்திக்காத. கடலு இழுத்துச்சின்னா கயிறு போவட்டும், நீ போவக் கூடாது" என்றார். அவளுடைய விரல்களைப் பிரித்து, எப்படிப் பிடிப்பது, குதிகாலை எப்படி மணலில் ஊன்றுவது, உடம்பை எப்படிப் பக்கவாட்டில் சாய்ப்பது என்று காட்டிக்கொடுத்தார். முக்கால் மணி நேரம் இழுத்தாள். வலையின் மடி கரைக்கு வந்தபோது உள்ளே நெத்திலி, கொஞ்சம் காரப்பொடி மீன், துள்ளுகிற நாலு நண்டு. அந்தப் பெரியவர் இரண்டு கை நிறைய நெத்திலியை அள்ளி அவள் பாவாடையில் போட்டார். "இழுத்த பங்கு" என்றார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "பங்குக்கு எங்கயாச்சும் துட்டு வாங்குவாங்களா டீச்சர்?"

விடுதிச் சமையல்கட்டில் அந்த நெத்திலியை ஆய்ந்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தோம். பக்கத்து அடுப்பில் சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தது. அவர்கள் உப்புமாவும் எங்கள் நெத்திலியும் ஒரே மேசைக்கு வந்தன. மகள் உள்ளங்கை சிவந்து காந்துகிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். கதவு மூடிய ஓட்டல் அறையில் இருந்திருந்தால் சேலத்துக் குடும்பம் எங்களுக்கு யாரோதான்.

அன்று மதியம் பிள்ளைகளை நகரத்துக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனேன். காந்தி சிலை இருக்கிற சாலை. நான் பூகோளக்காரி, விட மாட்டேன். "காலையில் பார்த்த கரையில் எவ்வளவு மணல்? இதற்கும் வடக்கே போனால் ஏன் கல்லாகக் கொட்டியிருக்கிறது?" என்று கேட்டேன். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி கடல் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் துறைமுகத்துக்காகச் சுவர் நீட்டினால் மணல் தெற்கே தங்கிவிடும். வடக்கே மணல் போய்ச் சேராது, கடல் கரையைத் தின்றுவிடும். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு அதுதான் நடந்தது. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். பிற்பாடு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து, நகரத்தை ஒட்டிக் கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரே கடல், சில மைல் தூரத்தில் இரண்டு கரை. இரண்டையும் ஒரே நாளில் மிதித்த பிள்ளைக்கு அது மறக்காது.

இன்னொரு ராத்திரியும் நினைவிருக்கிறது. கரண்ட் போய்விட்டது. கூடத்தில் புழுக்கம். யாரோ ஓர் அம்மா முதலில் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார், பின்னாலேயே எல்லோரும் போனோம். ஐந்தாறு குடும்பம், யாருக்கும் யார் பெயரும் தெரியாது. காற்று நன்றாக வந்தது. சின்னவனுக்கு மட்டும் இருட்டில் அந்த அலைச் சத்தம் பயம். பக்கத்துப் பாயில் இருந்த பாட்டி, "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணு ராசா, எத்தன அலை வருதுன்னு காலையில எனக்குச் சொல்லணும்" என்றார். நாற்பதைத் தாண்டவில்லை, தூங்கிப்போனான். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் பாட்டியைத் தேடிப் போய்க் கணக்குச் சொன்னான்.

இப்போது சில நடைமுறை விஷயங்கள். முதலாவது, போன் செய்து கேளுங்கள். தயவுசெய்து கேளுங்கள். தனியார் ஹாஸ்டல்கள் சிலவற்றில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பொதுக் கூடத்தில் விடமாட்டார்கள். இது தெரியாமல் ஓர் ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் நின்றோம். முன்பதிவு செய்தபோது யாரும் சொல்லவில்லை, வாசலில் வைத்துச் சொன்னார்கள். தூக்கக் கலக்கத்தில் இரண்டு பிள்ளைகள், கையில் இரண்டு பை, ஆட்டோவில் ஊரைச் சுற்றினோம். அதனால் கேளுங்கள்: பிள்ளைகளை விடுவீர்களா? குடும்ப அறை உண்டா? ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனிக் கூடமா? தனி என்றால் பத்து வயதுப் பையன் அம்மாவோடு படுக்கலாமா?

கட்டில். ஆறேழு வயது வரைக்கும் கீழ்க் கட்டில்தான். அழுதாலும் கீழ்க் கட்டில்தான். பகலில் மேலே ஏறி விளையாடட்டும், படுக்கும்போது கீழே.

குளியலறை. எல்லோரும் ஏழு மணிக்கு வரிசையில் நிற்பார்கள். நீங்கள் கடலுக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு வந்தால் காலியாக இருக்கும். மணலைக் காலோடு உள்ளே கொண்டுபோகாதீர்கள், கூட்டிப் பெருக்குகிற அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர மணல் ஒட்டிய காலில் கொஞ்சம் பவுடர் தட்டித் துணியால் தேய்த்தால் மணல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஒரு சின்னப் பூட்டு, ஒரு போர்வை, கொடி கட்டக் கயிறு, கொசுவுக்கு ஓடோமாஸ். இவ்வளவு போதும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். கடல் பாதுகாப்பைத்தான் நிதானமாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கிச் சொல்கிறேன், ஆனால் இதைத்தான் மிக முக்கியமாகக் கேளுங்கள். நம் கிழக்குக் கரையில் பல இடங்களில் நாலு எட்டு வைத்தாலே ஆழம் இறங்கிவிடும். பிள்ளைகளுக்கு முழங்கால் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். பெரியவர் ஒருவர் எப்போதும் பிள்ளைக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கவேண்டும், கரைப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பது போதாது. கையில் போன் வேண்டாம். கொட்டிய கற்கள் மேல் ஏறவிடாதீர்கள், பாசி வழுக்கும். கடல் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில், கரைக்கு இணையாக நீந்த வேண்டும். இறங்குவதற்கு முன்னால் அங்கே இருக்கிற மீனவர்களிடம், "இன்னிக்கு இங்க இறங்கலாமாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கரைக்கு வந்து முட்டையிடுகிற கடலாமை, பங்குனி ஆமை என்பார்கள், அதைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன். நேரம் இல்லை. ஒன்று மட்டும். தை, மாசி, பங்குனியில் போகிறவர்கள் ராத்திரிக் கரையில் டார்ச் அடிக்காதீர்கள். முட்டையிலிருந்து வருகிற ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும். உங்கள் டார்ச்சைப் பார்த்துத் திசை மாறிவிடும். விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருட்டில் நில்லுங்கள், கண் பழகிவிடும்.

வணக்கம்.