அறுபது கோலும் எட்டுப் பவுண்டும்

பெரியோர்களே, கால்பந்து என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்து வீரர், எவர்டன் கிளப்பின் டிக்சி டீன் என்றதும் இரண்டு சேதிகளைச் சொல்வார்கள். ஒரே பருவத்தில் 60 லீக் கோல் அடித்தவர். 1980 மார்ச் 1 அன்று எவர்டனும் லிவர்பூலும் மோதிய ஆட்டத்தை எவர்டனின் மைதானமான குடிசன் பார்க்கில் பார்த்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் மறைந்தவர். இந்த இரண்டையும் சொன்னாலே கைதட்டு கிடைத்துவிடும். நான் பேச வந்தது வேறு. இவ்வளவு அடித்தவருக்கு என்ன கிடைத்தது? தன் உழைப்புக்கு இன்ன விலை என்று அவரால் கேட்க முடிந்ததா?

1907இல் பர்க்கன்ஹெட்டில் பிறந்தார் வில்லியம் ரால்ஃப் டீன். அப்பா ரயில்வேக்காரர். பையனும் ரயில்வேயில் இரவு வேலை பார்த்துக்கொண்டே பகலில் பந்து உதைத்தான். உள்ளூர் டிரான்மியர் ரோவர்ஸில் ஆடிய டீனை, 1925 மார்ச்சில் 3,000 பவுண்டு கொடுத்து எவர்டன் வாங்கியது. அப்போது வயது 18. 'டிக்சி' என்ற பட்டப்பெயர் அவருக்குப் பிடிக்காது. பில் என்று கூப்பிடுவதைத்தான் விரும்பினார். ஊர் எப்போது கேட்டது!

1926இல் வட வேல்ஸில் மோட்டார் சைக்கிள் விபத்து. மண்டையும் தாடையும் உடைந்தன. இனி ஆட்டமே இல்லை என்று பயந்தார்கள். சில மாதங்களில் திரும்பி வந்து தலையாலேயே முட்டிக் கோல் போட்டார். மண்டைக்குள் இரும்புத் தகடு இருக்கிறது, அதனால்தான் பந்து அப்படிப் போகிறது என்று ரசிகர்கள் கதை கட்டினார்கள். அந்தக் காலத்துப் பந்து தோலால் ஆனது, மேலே கயிறு கட்டியது. மழையில் நனைந்தால் கனத்துவிடும். அதைத் தலையில் வாங்குவதற்கே தனி நெஞ்சுரம் வேண்டும்.

அந்த 60 சும்மா வந்துவிடவில்லை. 1925இல் ஆஃப்சைடு விதி மாறியது. பந்து அனுப்பப்படும் நேரத்தில் முன்கள ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. இரண்டு பேர் போதும் என்றார்கள். லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் 1,192ஆக இருந்த மொத்தக் கோல்கள் அடுத்த பருவத்தில் 1,703ஆயின. தடுப்பவர்கள் திகைத்து நின்ற காலம் அது. சரி, விதி எல்லோருக்கும்தானே மாறியது, ஏன் எல்லோரும் 60 அடிக்கவில்லை? மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் 59 வரை வந்தார், அதுவும் இரண்டாம் டிவிஷனில்.

1927–28 பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களில், 60ஐத் தொட டீனுக்கு ஒன்பது கோல் தேவை. ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக இரண்டு, பர்ன்லிக்கு எதிராக நான்கு. மே 5, குடிசனில் ஆர்சனல். சீக்கிரமே இரண்டு போட்டுவிட்டார், அதில் ஒன்று பெனால்டி. அப்புறம் நேரம் நகர்கிறது, கோல் வரவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது அலெக் ட்ரூப் கார்னர் அடித்தார். டீன் எழும்பி முட்டினார். அறுபது! ஆட்டம் 3–3. லீக் பட்டம் ஏற்கெனவே எவர்டனுக்கு. அந்த அணி அடித்த 102 லீக் கோல்களில் 60 ஒரே மனிதருடையவை.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். லீக்கில் யாராக இருந்தாலும் பருவ காலத்தில் வாரம் 8 பவுண்டுக்கு மேல் கிடையாது, கோடையில் 6. தேர்ந்த தொழிலாளியின் கூலியைவிட இது அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே 1928இல் டேவிட் ஜாக்கை வாங்க ஆர்சனல் 10,000 பவுண்டுக்கு மேல் போல்டனுக்குக் கொடுத்தது. ஆட்டக்காரருக்கு விலை உண்டு, அது கிளப்புக்குப் போகும். ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடுவிக்காவிட்டால் லீக்கில் வேறு எங்கும் ஆட முடியாது. ஐந்தாண்டு ஆடினால் 650 பவுண்டு வரை வெகுமதி தரலாம் என்றார்கள். தந்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

1930இல் எவர்டன் கடைசி இடத்துக்குப் போய் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. டீன் போகவில்லை. 39 கோல் அடித்து மேலே ஏற்றினார். அடுத்த ஆண்டே 45 அடித்து முதல் டிவிஷன் பட்டம் வாங்கித் தந்தார். 1933இல் எஃப்.ஏ. கோப்பை: மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 3–0, அவரே கேப்டன், அவருக்கும் ஒரு கோல். இறுதி ஆட்டத்தில் ஜெர்சிக்கு எண் போட்டது அன்றுதான் முதல் முறை. டீன் முதுகில் 9. அறுபதைவிட இந்த மூன்று ஆண்டுகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதை விசுவாசம் என்று புகழ்கிறார்கள். கொஞ்சம் நிதானிக்க வேண்டும் ஐயா. எங்கே போனாலும் அதே 8 பவுண்டு, போகவும் கிளப் அனுமதிக்க வேண்டும் என்னும்போது, இருந்தது பாசத்தாலா, வேறு வழியில்லாமலா என்று எப்படி அளப்பது? பாசம் இருந்திருக்கும். அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை அவருக்கு யாரும் தரவில்லை.

1938இல் நாட்ஸ் கவுன்டிக்குப் போனார், பிறகு அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ், அதற்குள் இரண்டாம் உலகப் போர். எவர்டனுக்காக அவர் அடித்த லீக் கோல்கள் 349. பின்னாளில் செஸ்டரில் மதுக்கடை நடத்தினார், அப்புறம் லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தில் போர்ட்டர் வேலை. சம்பள உச்சவரம்பு 1961இல்தான் நீங்கியது. அந்த ஆண்டே ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார். டீனுக்கு வயது 54. அவருக்காக நிதி திரட்டும் ஆட்டம் ஒன்று குடிசனில் நடந்தது 1964இல். அவர் கிளப்பை விட்டுப் போய் 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.