ஏட்டுச் சுரைக்காய்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, சனிக்கிழமை என்றும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, காலை 6 மணியிலிருந்து பின்னால் சமையலறையில் நிற்கும் சகோதரிகளே, சகோதரர்களே, எல்லாருக்கும் என் வணக்கம். உங்கள் சாம்பார் வாசனைக்கு நடுவில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நாம் பிழைக்க வந்த, இங்கிலாந்தின் இந்த ஷெஃபீல்டு நகரத்தின் ஒரு சின்ன கால்பந்து கிளப்பைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல ஆசை: அது பிறந்த கதை, அது வாங்கிய கோப்பைகள், அங்கே ஆடும் பெண்கள் அணி.

என் அப்பா அடிக்கடி சொல்வார், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடா" என்று. நான் நோட்டும் கையுமாக உட்காரும்போதெல்லாம் சொல்வார். அந்தப் பழமொழியோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

1857 அக்டோபர் 24. நத்தேனியல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட் என்ற இருவர் ஷெஃபீல்டு எஃப்.சி.யைத் தொடங்கினார்கள். இன்று உலகில் உள்ள கால்பந்து கிளப்களில் இதுதான் மூத்தது. முதல் அலுவலகம் ஒரு செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகை. எதிரே ஆட வேறு கிளப் கிடையாது. அதனால் கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம் என்று தங்களுக்குள்ளேயே ஆடினார்கள். 1858இல் விதிகளை எழுதினார்கள். கையால் தள்ளலாம், காலை வாரக் கூடாது. கடைசி விதியைப் பாருங்கள்: ஆளாளுக்குச் சிவப்பு, கருநீல ஃப்ளானல் தொப்பி கொண்டுவர வேண்டும், ஒரு அணிக்கு ஒரு நிறம். நம்மாள் யார் என்று தொப்பியைப் பார்த்துத்தான் பந்து போட்டிருக்கிறார்கள்!

1860இல் பக்கத்திலேயே ஹாலம் கிளப் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று சாண்டிகேட் மைதானத்தில் இரண்டும் மோதின. ஷெஃபீல்டு 2–0 என ஜெயித்தது. சரி, அதை விடுங்கள். 1862 டிசம்பர் 29க்கு வாருங்கள். இடம் ஷெஃபீல்டின் பிரமால் லேன் மைதானம். லங்காஷயரில் பஞ்சு வராமல் மில்கள் மூடி, தொழிலாளர் பட்டினி கிடந்த காலம். அவர்களுக்கு நிதி திரட்டத்தான் ஆட்டம். தர்ம காரியம்! அதில் கிரெஸ்விக் பந்தோடு போக, ஹாலம்காரர் வாட்டர்ஃபால் அவரைப் பிடித்துக்கொண்டார். இழுபறியில் வாட்டர்ஃபாலுக்கு ஓர் அடி விழுந்தது. மனிதர் வெயிஸ்ட்கோட்டைக் கழற்றி வீசிவிட்டு, "வாடா" என்கிற மாதிரி நின்றார். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. எல்லாம் அடங்கிய பிறகு அவருக்குக் கிடைத்த தண்டனை, போய் கோல் காப்பது. மூன்று மணி நேரம் ஆடியும் ஒரு கோல் கூட விழவில்லை. அப்புறம் பத்திரிகையில் வந்த செய்தி ஷெஃபீல்டு பக்கம் பேசியது. ஹாலம் தரப்பு, "முதலில் அடித்தது கிரெஸ்விக்தான்" என்று மறுத்துக் கடிதம் போட்டது. அந்த இரண்டு தாளும் மிஞ்சியதால்தான், 160 வருஷம் கழித்து இந்த மேடையில் நான் வெயிஸ்ட்கோட்டைக் கழற்றிக் காட்டுகிறேன்.

கோப்பை என்றால் 1904இல் அமெச்சூர் கோப்பை, அதாவது காசு வாங்காமல் ஆடுகிறவர்களுக்கான கோப்பை. 2004இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தன் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதை இரண்டே இரண்டு கிளப்களுக்குத் தந்தது: ஒன்று ரியல் மாட்ரிட், இன்னொன்று இது. 2007இல் 150ஆம் ஆண்டு விழாவுக்கு பெலே வந்தார். ஆனால் இந்த கிளப் ஆடுவது பெரிய லீக்குகளுக்கெல்லாம் வெகு கீழே, டிரான்ஃபீல்டில் ஒரு பப்புக்குப் பக்கத்து மைதானத்தில். காசு எப்போதும் இழுபறிதான்.

2011 ஜூலையில் கூட்டங்களில் நடந்ததை எழுதிவைத்த தன் பழைய மினிட் புத்தகங்களையும் கையால் எழுதிய அந்த விதிகளையும் லண்டனில் சதபீஸ் ஏலத்தில் கிளப் விற்றது. 8,81,250 பவுண்டு! அப்பா, உங்கள் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவிவிட்டது. விற்றிருக்கலாமா என்று இன்றும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. ஆனாலும், விற்க ஒன்று இருந்ததே! 153 வருஷம் யாரோ ஒருவர் மாற்றி ஒருவர் அதைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார்களே!

நம் தமிழ்ச் சங்கத்துக்கு வருவோம். நம்முடைய முதல் மினிட் புத்தகம் எங்கே? ஒரு பச்சை அட்டை நோட்டு. முதல் பக்கத்தில் 11 கையெழுத்து, அதில் ஒன்றின் மேல் காபிக் கறை. நானே பார்த்திருக்கிறேன். யாரோ வீடு மாறும்போது அது போய்விட்டது. முதல் பொங்கல் விழா எந்த ஹாலில் நடந்தது என்று இந்த அரங்கில் மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பதில் வந்தது. அந்த 11 பேரில் 4 பேர் இன்று இல்லை.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். பெண்கள் அணியைப் பற்றி அடுத்த முறை பேச அனுமதி கேட்டுக்கொள்கிறேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும் ஸ்கேனரும் வைத்திருக்கிறேன். வீட்டில் பழைய நோட்டீஸ், ரசீது, விழாப் படம் எது கிடந்தாலும் அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள். படி எடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவேன். அந்தப் பச்சை நோட்டு யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், கொண்டுவந்து தாருங்கள்.

நன்றி, வணக்கம்.