பத்துக்குப் பத்து அறையில் ஒரு டிரம் செட்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். குரலைப் போர்வைக்குள் உட்கார்ந்துகூடப் பதிந்துவிடலாம். டிரம்ஸ் என்றதும் மட்டும் கணினியில் இருக்கிற ரெடிமேட் ஒலிகளுக்குப் போய்விடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் மாடியில் காலியாகக் கிடந்த அறையில் நிஜமான டிரம் செட் ஒன்றை ஏற்றிவிட்டேன்.

அறை, நம் வீடுகளில் வழக்கமாகக் கட்டுகிற பத்துக்குப் பத்து. உயரமும் பத்தடி. சுவரெல்லாம் சிமெண்ட் பூச்சு, தரையில் டைல்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் கண்ணுக்குச் சரி. ஒலிக்கு இதைவிட மோசமான அறை கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. பத்தடி தள்ளி எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 முறை ஆடுகிற அதிர்வு, போய்த் திரும்பித் தன்மேலேயே ஏறிக்கொள்ளும். நீளமும் அகலமும் உயரமும் வேறுவேறாக இருந்தால் இந்த எண்ணும் வேறுவேறாகப் பிரிந்துபோகும். என் அறையில் மூன்றும் 56-இலேயே வந்து விழுந்தன. காலால் மிதித்து அடிக்கிற கிக் டிரம்மின் கனம் இருப்பதும் ஏறக்குறைய அங்கேதான். இந்த அதிர்வு சுவரோரத்தில் பெருத்துக் கேட்கும். அறையின் நட்டநடுவில் காணாமல் போகும்.

டிரம் செட்டை நான் போட்டது நட்டநடுவில். பிறகு மிக்ஸ் செய்ய, அதாவது பதிந்த ஒலிகளை அளவு பார்த்துச் சேர்க்க, நாற்காலி போட்டதும் அதே இடத்தில்! கிக் இருக்கிற இடமே தெரியவில்லை. ஒவ்வொரு ஸ்தாயியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவில் 60 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கினேன். போதாதென்று இன்னும் தூக்கினேன். மறுநாள் நண்பருடைய காரில் போட்டுக் கேட்டோம். கதவு கிடுகிடுத்தது. பாடுகிறவர் குரலைத் தேட வேண்டியிருந்தது. அத்தனை நாளும் டிரம்ஸைக் கேட்பதாக நினைத்து அறையைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

முட்டை அட்டை ஒட்டச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மெல்லிய காகிதக்கூழ் அது. மேல்ஸ்தாயி ஒலியில் கொஞ்சம் தின்னும், கிக்கைத் தொடக்கூட முடியாது. 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர். அதைப் பிடிக்கத் தடிமனான பொருள், அதுவும் மூலைகளில் வேண்டும். நான் பரணிலிருந்து பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கி, சுருட்டி, நான்கு மூலையிலும் தரையிலிருந்து மேல்வரை அடுக்கினேன். அடிஒலி முழுக்க அடங்கவில்லை, அடித்த பின் இழுக்கிற அதன் வால் குட்டையாயிற்று. அதற்கு முன்பு கையைத் தட்டினால் சுவருக்குச் சுவர் 'டிர்ர்' என்று ஓடும், அது நின்றேவிட்டது. ஒன்று சொல்லிவிடுகிறேன், மெத்தை எதுவும் பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாற்றாது. அவரிடம் நேரில் போய் நேரம் கேட்டுக்கொள்வதுதான் வழி.

பிறகு செட்டை நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்த்தினேன். கிக் திரும்பி வந்தது. அடியில் கம்பிச்சுருள் கட்டிய ஸ்னேர் டிரம்மை அடித்தால் எங்கிருந்தோ ஒரு முனகல். அரை நாள் தேடினேன். இரும்பு பீரோ! தூக்கி வராந்தாவில் வைத்தோம். ஃபேனையும் நிறுத்தியாக வேண்டும். ஏப்ரல் மாதத்தில் டிரம்மரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

என்னிடம் மைக் நான்குதான். கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, தலைக்கு மேலே இரண்டு. மேலே இருக்கிற இரண்டும்தான் முழு செட்டையும் கேட்கின்றன. அங்கே ஒரு சணல் கயிறு போதும். ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டு மைக்குக்கும் ஒரே தூரம் இருக்கும்படி அளந்து வையுங்கள். ஒன்று ஓரடி தள்ளிப்போனால் அதில் ஒலி மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவாகத் தாமதித்து வரும். இரண்டையும் சேர்க்கும்போது 560 ஹெர்ட்ஸ் அளவில் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்னேர் தகர டப்பா மாதிரி ஆகிவிடும். எந்த விலை மைக்கும் அதைச் சரிசெய்யாது.

ஐந்தாவது மைக் கிடைத்து ஸ்னேருக்கு அடியில் வைத்தால் இன்னொரு வேடிக்கை. குச்சி விழும்போது மேல்தோல் மேல்மைக்கை விட்டு விலகும், கீழ்த்தோல் கீழ்மைக்கை நோக்கி வரும். இரண்டும் தலைகீழ். கணினியில் ஒன்றின் ஃபேஸை, அதாவது அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாகத் திருப்பிவிட வேண்டும். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று மைக் வைத்து மிருதங்கம் பதிகிறவர்களும் இந்தப் பட்டனை ஒருமுறை தட்டிப் பாருங்கள். எதில் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸில் மேல்மைக் இரண்டையும் முதலில் ஏற்றிக் கேட்பேன். அதிலேயே முக்கால்வாசி டிரம்ஸ் இருக்க வேண்டும். பிறகுதான் கிக், ஸ்னேர். கிக்கில் 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் அட்டைப்பெட்டிச் சத்தம் இருக்கும், அதைக் குறைத்தாலே அடிஒலி தெளியும். தூக்குவதைவிடக் குறைப்பது நல்லது. பட்டபின் வந்த புத்தி. கூடத்து எதிரொலி மாதிரிச் சேர்க்கிற ரிவெர்ப் கடைசியில், கொஞ்சமாக.

பெரிய கூடம் கிடைத்தவர்கள் கதை வேறு. இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் மாடிப்படிக் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்க, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் படிகளுக்கு மேலே இரண்டே மைக் தொங்கவிட்டுப் பிடித்தார். அந்தக் கூடமே ரிவெர்ப். நம் பத்தடி அறையில் மைக்கைத் தள்ளி வைத்தால் குளியலறைதான் கேட்கும். அதனால் நாம் நெருங்கிப் பிடித்து, கூடத்தைக் கணினியில் கட்டிக்கொள்கிறோம்.

நாற்காலியையும் நடுவிலிருந்து எடுத்து, சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் போட்டேன். அதே பாட்டைத் திரும்ப மிக்ஸ் செய்து, அதே காரில் போட்டோம். கதவு சும்மா இருந்தது. ஸ்னேர் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றார் நண்பர். அவர் சொன்னது சரிதான். ஒரு டெசிபல் குறைத்தேன்.

வணக்கம்.