மஞ்சளுக்கு இடம் அடுப்படியே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சிங்கப்பூரின் இந்தச் சமூக மன்றத்தில் திரண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். ‘மஞ்சளின் நலனைப் பெறச் சிறந்த வழி வீட்டில் காய்ச்சும் மஞ்சள் தேநீரா, கடையில் விற்கும் கர்க்குமின் மாத்திரையா?’ என்பது இன்றைய தலைப்பு. கர்க்குமின் என்பது மஞ்சளுக்கு நிறம் தரும் சத்து. நான் தேநீருக்காகப் பேசுகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் கணக்கோடு வந்தார். மஞ்சள்தூளில் கர்க்குமின் சுமார் 3 விழுக்காடுதான். அது தண்ணீரில் எளிதில் கரையாது. குடித்தாலும் உடலில் சேர்வது சொற்பம். மாத்திரையிலோ 500 மில்லிகிராம் இருக்கிறது, ஆகவே தேநீர் வீண் என்றார். எண்கள் சரி. முழங்கால் தேய்மான வலி குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்வதும், அவை மாத்திரையை வைத்து நடந்தவை என்பதும் உண்மை. அதிகம் இருந்தால் அதிகம் நல்லது என்று அவர் முடித்தாரே, அந்த முடிவைத்தான் மறுக்கிறேன்.

1998இல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்றில் 2 கிராம் கர்க்குமினோடு, மிளகின் காரச்சத்தான பிப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். இரத்தத்தில் சேர்ந்த கர்க்குமின் ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்தது. மாத்திரைக் குப்பிகளில் பெருமையாக அச்சிடப்படுவது இந்தக் கணக்குதான். இருமலுக்கு மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிய நம் வீடுகளுக்கு இந்தச் சேர்க்கை புதிதா, நடுவர் அவர்களே?

அடுத்ததை எதிரணி சொல்லாமல் விட்டது. 2023இல் ஆஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, மஞ்சள், கர்க்குமின் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று எச்சரித்தது. உடல் அதிகமாக ஈர்க்கும்படி தயாரித்தவற்றிலும் அளவு மிகுந்தவற்றிலும் அபாயம் கூடலாம் என்றது. உணவில் வழக்கமாகச் சேர்க்கும் மஞ்சளுக்கு இந்த அபாயம் இருப்பதாகத் தெரியவில்லை என்றும் சொன்னது. தோழர் பெருமையாகச் சொன்ன அந்தப் பேரளவுதான் இங்கே கவலைக்குரியது! அரைத் தேக்கரண்டித் தூளில் இருப்பது 45 மில்லிகிராம் அளவுதான். அதைச் சிறியது என்று இகழாதீர்கள்; தலைமுறை தலைமுறையாக நம் குழம்பில் கொதித்த அளவு அது.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். சரியாகக் காய்ச்சாத தேநீரை வைத்து எங்கள் கட்சியை எடைபோடக் கூடாது அல்லவா? தேக்கா சந்தையில் பச்சை மஞ்சள் கிடைக்கிறது. சுண்டுவிரல் நீளத் துண்டை மண் போகக் கழுவி, அதில் பாதியளவு இஞ்சியும் சேர்த்து நன்றாக நசுக்குங்கள். விரல் மஞ்சளாகும், ஆகட்டும். இரண்டு குவளைத் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்துப் பத்து நிமிடம் விடுங்கள். இறக்கும்போது நான்கைந்து மிளகைத் தட்டிப் போடுங்கள். வடிகட்டிய பிறகு ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கர்க்குமின் கொழுப்பில் கரையும் பொருள். தூள்தான் இருக்கிறது என்றால் அரைத் தேக்கரண்டி போதும், ஆனால் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். பளீர் நிறத்துக்காக ஈயக் குரோமேட் என்னும் நச்சு நிறமி கலந்த தூள் வங்கதேசத்தில் பிடிபட்டிருக்கிறது.

இது தமிழர் வீட்டோடு நிற்கும் பழக்கமும் இல்லை. மஞ்சளும் புளியும் சேர்த்துக் காய்ச்சும் பானம் ஜாவாவின் ஜாமு என்னும் மூலிகை மருந்து மரபில் உண்டு. அந்த ஜாமு மரபை 2023இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் கட்சியின் பெரிய நியாயம் சர்க்கரையில் இருக்கிறது. இந்த நாட்டில் பானங்களுக்கு ‘நியூட்ரி-கிரேட்’ தரக்குறியீடு உண்டு. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் கடைசித் தரமான ‘டி’. 2022 இறுதியில் அடைத்து விற்கும் பானங்களுக்கு வந்த விதி, அடுத்த ஆண்டு இறுதியில் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் வந்தது. மாலையில் குடிக்கும் இனிப்புப் பானத்தின் இடத்தைச் சர்க்கரை இல்லாத ஒரு குவளை மஞ்சள் தேநீர் பிடித்துக்கொள்கிறது. அந்த வேலையை மாத்திரை செய்யுமா? மாத்திரையை விழுங்கிவிட்டு அதே இனிப்புப் பானத்தைத்தானே கையில் எடுப்போம்!

தேநீர் நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து உண்பவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும், இதைத் தினமும் குடிக்கத் தொடங்கும் முன் பலதுறை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளட்டும். தேநீருக்கே நாங்கள் இவ்வளவு சொல்கிறோம். எந்தக் குறைக்காக, எத்தனை நாளுக்கு, யார் கண்காணிப்பில் அந்த 500 மில்லிகிராமை விழுங்கச் சொல்கிறார்கள் என்பதற்கு எதிரணியின் அடுத்த பேச்சாளர் விடை சொல்லட்டும்.