ரெய்டுல லூட் சண்டை வருது, எந்த ஆட்ஆன் போடலாம்?

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்காரு, முழுசா வாசிச்சிடறேன். கேம் ஆடாதவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன்: கில்டுன்னா சேர்ந்து ஆடற குழு, ரெய்டுன்னா கூட்டமா போய் பாஸ்ங்கற பெரிய எதிரிங்களை அடிக்கறது, லூட்னா அதுங்க செத்தா விழற பொருள், ரோல்னா 1-லருந்து 100-க்குள்ள குலுக்கல் நம்பர் போடறது, ஆட்ஆன்னா கேமோட சேர்ந்து ஓடற குட்டி சாஃப்ட்வேர். "அண்ணா, நாங்க வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்ல ஒரு கில்டு நடத்தறோம். மொத்தம் 30 பேர். வாரத்துல ரெண்டு நாள் 25 பேர் ரெய்டு. யார் வர்றாங்க, யார் வரலைன்னு வாட்ஸ்அப்ல கேட்டுக்கறோம். லூட் விழுந்தா ரோல் போட்டுக்கறோம். போன வாரம் டிராகன்ஸ்பைன் டிராஃபி விழுந்துச்சு. அன்னைக்குத்தான் முதல் தடவையா வந்தவர் 98 ரோல் போட்டு எடுத்துட்டாரு. பழைய ஆளுங்க மூணு பேர் கோவிச்சுக்கிட்டு கில்டை விட்டே போயிட்டாங்க. எந்த சாஃப்ட்வேர் போட்டா இது தீரும்?"

தம்பி, இந்த வலி எனக்கு நல்லாவே தெரியும். கேம் தெரியாதவங்களுக்காக இன்னொரு வார்த்தை சொல்லிடறேன். அந்த டிராகன்ஸ்பைன் டிராஃபி, கிரூல்ங்கற பாஸ் கிட்ட விழற டிரிங்கெட், அதாவது கேரக்டர் போட்டுக்கற ஒரு சின்னப் பொருள். ஹன்டர், ரோக், வாரியர், என்ஹான்ஸ்மென்ட் ஷாமன்னு இந்தக் கேரக்டர் வகை ஆடற அத்தனை பேருக்கும் அது மேல கண்ணு. கிரூலை வாரத்துக்கு ஒரு தடவைதான் அடிக்க முடியும். அடிச்சாலும் அது விழும்னு நிச்சயம் கிடையாது. மாசக்கணக்கா காத்திருந்தவன் கண்ணு முன்னாடி அது புதுசா வந்தவர் பைக்குள்ள போனா வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனா ஜெயிச்சவர் மேல தப்பே இல்ல. ரோல் போடுன்னீங்க, போட்டாரு. விதியை முன்னாடியே எழுதி வைக்காததுதான் இங்க சிக்கல். அதனால முதல்ல விதி, அப்புறம் ஆட்ஆன். நிறைய கில்டுல இதை மாத்திச் செய்றாங்க. ஒரு ஆட்ஆனை இறக்கிடறாங்க, அதுல என்ன பட்டன் இருக்கோ அதுவே கில்டு விதியாயிடுது.

இந்த லூட் பஞ்சாயத்து வார்கிராஃப்டை விடப் பழசு. 1999-ல எவர்குவெஸ்ட் கேம்ல ஆஃப்டர்லைஃப்னு ஒரு கில்டு. நாகஃபென், வாக்ஸ்னு ரெண்டு டிராகன். அதுங்களைக் கொல்ல வர்றவங்களுக்குப் புள்ளி கொடுத்து, அந்தப் புள்ளியை வச்சு லூட் வாங்கிக்கோன்னு ஒரு கணக்கு போட்டாங்க. அதான் டிராகன் கில் பாயின்ட்ஸ், சுருக்கமா டிகேபி. கணக்கை நெட்ல எல்லாரும் பாக்கற மாதிரி வைக்க ஈக்யூடிகேபின்னு ஒரு சாஃப்ட்வேரும் வந்துச்சு. வார்கிராஃப்ட்ல 40 பேர் சேர்ந்து மோல்டன் கோர் அடிச்ச காலத்துல அதை ஏகப்பட்ட கில்டு வச்சிருந்தாங்க. அதுல ஒரு குறை. பழைய ஆளுங்க புள்ளியைச் செலவே பண்ணாம சேர்த்து வச்சுக்குவாங்க. புதுசா வர்றவன் எவ்வளவு ஓடினாலும் எட்டிப் பிடிக்க முடியாது. ரெண்டு மாசம் பாத்துட்டு வேற கில்டுக்குப் போயிடுவான்.

அந்தக் குறைக்கு வந்ததுதான் ஈபிஜிபி. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. ரெய்டுக்கு வந்தா உழைப்புப் புள்ளி ஏறும், அது ஈபி. பொருள் எடுத்தா வாங்கின புள்ளி ஏறும், அது ஜிபி. ஈபியை ஜிபியால வகுத்தா உங்க முன்னுரிமை. உங்களுக்கு ஈபி 3000, ஜிபி 500-ன்னா முன்னுரிமை 6. இப்ப 250 ஜிபி விலையுள்ள ஒரு பொருள் எடுக்கறீங்க, ஜிபி 750 ஆச்சு, முன்னுரிமை 4-க்கு இறங்கிடும். வரிசைல பின்னாடி போயிடுவீங்க. வாராவாரம் ரெண்டு புள்ளியும், 10 சதவீதம்னு வச்சுக்கோங்க, தேயும். தேய்மானத்தால விகிதம் உடனே மாறாது. ஆனா போன வருஷ உழைப்பை விட இந்த மாச உழைப்புக்கு எடை கூடும். புதுசா வந்தவனுக்கும் ஒரு வழி கிடைக்கும். இந்தக் கணக்கை ஈபிஜிபி ஆட்ஆன், கில்டு லிஸ்ட்ல ஆபீசர் நோட்னு கில்டு நிர்வாகிங்க எழுதற குறிப்பு இருக்கு பாருங்க, அதுக்குள்ளயே எழுதி வச்சுக்கும். தனியா சர்வரே தேவையில்ல.

மூணாவது வழி லூட் கவுன்சில். நாலஞ்சு ஆபீசர் உக்காந்து யாருக்குக் கொடுத்தா ரெய்டுக்கு நல்லதுன்னு முடிவு பண்றது. அதுக்கு ஆர்சி லூட் கவுன்சில் ஆட்ஆன் அருமையா இருக்கும். பொருள் விழுந்ததும் எல்லாருக்கும் ஒரு ஜன்னல் திறக்கும், வழக்கமா ஆடற விதத்துக்கு வேணும்னா மெயின் ஸ்பெக், எப்பவாவது ஆடற விதத்துக்குன்னா ஆஃப் ஸ்பெக், வேண்டாம்னா பாஸ் (pass)னு அழுத்தலாம். கேக்கறவங்க கேரக்டர் இப்ப என்ன பொருள் போட்டிருக்குன்னு கவுன்சில்காரங்களுக்குப் பக்கத்துலயே தெரியும், ஓட்டு போடலாம். ஆனா தம்பி, உங்களுக்கு இது இப்ப வேண்டாம்னு சொல்வேன். கவுன்சில் ஓடறது நம்பிக்கைல. மூணு பேர் கோவிச்சுட்டுப் போன மறுவாரமே "இனிமே நாங்க நாலு பேர் முடிவு பண்றோம்"னு சொன்னா, மிச்சப் பேரும் போயிடுவாங்க.

லூட்டைக் கேமுக்குள்ள இருக்கற தங்கத்துக்கு ஏலம் விடற ஜிடிகேபி பத்தியும் யாராவது சொல்லுவாங்க. அதைத் தொடாதீங்க. நிஜக் காசு கொடுத்து அந்தத் தங்கத்தை வாங்கற பழக்கம் அதோடயே வருது. 2024 பிப்ரவரில, கிளாசிக்கோட இன்னொரு வடிவமான சீசன் ஆஃப் டிஸ்கவரியோட ரெண்டாவது கட்டத்துல, கேம் கம்பெனி பிளிஸார்டே அதைத் தடை பண்ணாங்க. அதே வருஷம் நவம்பர்ல திறந்த கிளாசிக் ஆண்டுவிழா சர்வர்லயும் தடைதான்.

உங்க கில்டுக்கு நான் சொல்றது சாஃப்ட் ரிசர்வ். சாஃப்ட்ரெஸ் தளத்துல அன்னைக்கு ரெய்டுக்கு ஒரு பக்கம் திறங்க. ஆளுக்கு ஒரு பொருள், மிஞ்சினா ரெண்டு, ரெய்டுக்கு முன்னாடியே குறிச்சு வைக்கணும். அது விழுந்தா குறிச்சவங்க மட்டும் ரோல். யாரும் குறிக்காத பொருளுக்கு எல்லாரும் ரோல் போடலாம். ரெய்டு தொடங்க அரை மணி நேரம் முன்னாடி பூட்டிடுங்க. பட்டியல் எல்லார் கண்ணுக்கும் தெரியும், அதான் இதோட பலமே. டிராகன்ஸ்பைன் டிராஃபிக்கு ஆறு பேர் போட்டின்னு அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சுடும், மனசு தயாராயிடும்.

"அப்பவும் புதுசா வந்தவர் 98 போட்டா?"ன்னு கேப்பீங்க. நியாயம். அதுக்குத்தான் கார்குல் ஆட்ஆன். அதுல பூஸ்டட் ரோல்னு, சேர்த்த புள்ளியை ரோலோட கூட்டற ஒரு வசதி இருக்கு. வந்த ஒவ்வொரு வாரத்துக்கும் 10 புள்ளின்னு விதி வச்சுக்கோங்க. அஞ்சு வாரம் வந்தவருக்கு 50. அவர் 52 ரோல் போட்டாலே 102 ஆயிடுச்சு, 98-ஐத் தாண்டிட்டாரு. புதுசா வந்தவருக்கும் வாய்ப்பு அடைபட்டுப் போகல, பழைய ஆளோட காத்திருப்புக்கும் மதிப்பு இருக்கு. பொருள் கையில கிடைச்சதும் சேர்த்த புள்ளி பூஜ்யம். இதை மறக்காம எழுதிடுங்க.

ஒண்ணு கவனிங்க. வார்கிராஃப்ட் ஆட்ஆனுக்கு நெட்டோட பேசற அனுமதி கிடையாது. அதனால தளத்துல இருக்கற பட்டியலை ஒரு நீளமான எழுத்துச் சரமா காப்பி பண்ணி, கேமுக்குள்ள கார்குல்ல பேஸ்ட் பண்ணணும். தளத்துல பேரைத் தப்பா அடிச்சிருந்தா ஆட்ஆனுக்கு ஆளைத் தெரியாது. முதல் பாஸுக்கு முன்னாடி இதைச் சரி பாருங்க.

இன்னொண்ணு, நானே பட்டது. முன்னாடி நான் இருந்த ஒரு கில்டுல புள்ளிக் கணக்கு முழுக்க ஒரே ஆபீசர் கம்ப்யூட்டர்ல. ஆட்ஆன் சேர்க்கற தகவலை கேம் எப்ப டிஸ்க்ல எழுதும் தெரியுமா? லாக்அவுட் பண்ணும்போது, இல்ல கேமோட திரையை மறுபடி ஏத்தற ரீலோட் அடிக்கும்போது மட்டும்தான். அன்னைக்கு நாலு மணி நேர ரெய்டு, கடைசி பாஸ் செத்த நிமிஷத்துல அவர் கேம் கிராஷ். அத்தனையும் போச்சு. யாருக்கு எவ்வளவுன்னு ஞாபகத்துல இருந்து எழுதினாங்க, அவரவர் ஞாபகம் அவரவருக்குச் சாதகமா இருந்துச்சு. ரெண்டு வாரத்துல கில்டு பாதியாச்சு. அதனால ஒவ்வொரு பாஸுக்கு அப்புறமும் சாப்பாடு, தண்ணின்னு நிக்கற நேரத்துல ஒரு ரீலோட் அடிங்க. ரெய்டு முடிஞ்ச கையோட கணக்கை எக்ஸ்போர்ட் எடுத்து, கேம் ஆடறவங்க பேசிக்கற டிஸ்கார்டு ஆப்ல போட்டுடுங்க.

டிஸ்கார்டுன்னதும் ஞாபகம் வருது, வாட்ஸ்அப்பை விட்டுடுங்க. டிஸ்கார்டுக்குள்ள ரெய்டு ஹெல்பர்னு தானா வேலை பாக்கற ஒரு பாட் (bot) இருக்கு. கேரக்டரோட கிளாஸ், ஸ்பெக் தேர்ந்தெடுத்துப் பதிவு பண்ணலாம், லேட்டா வருவேன், மாத்து ஆளா பெஞ்ச்ல இருக்கேன்னும் சொல்லலாம். அடிபட்டவங்களைத் தேத்தற ஹீலர் எத்தனை பேர் வர்றாங்கன்னு ஒரே பார்வைல தெரியும். நேரத்தை அவரவர் ஊர் நேரத்துலயே காட்டும். இது பெரிய உதவி. ஐரோப்பா சர்வர்ல ராத்திரி 8 மணின்னா நமக்குக் கோடைல 11:30, குளிர்காலத்துல 12:30. மார்ச்லயும் அக்டோபர்லயும் அவங்க கடிகாரம் மாத்தற வாரத்துல நம்ம ஆளு ஒருத்தராவது தப்பான நேரத்துக்கு வந்து நிப்பாரு.

கடைசியா, தப்பா கொடுத்துட்டா பதற வேண்டாம். பாஸ் செத்தப்ப குழுவுல இருந்தவங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள அந்தப் பொருளை டிரேட் பண்ணலாம். எவ்வளவு நேரம் மிச்சம்னு கார்குல் ஒரு கோடு போட்டுக் காட்டும். ஆனா அந்தப் பொருளுக்கு என்சான்ட், அதாவது சக்தி கூட்டற மந்திரம், போட்டுடாதீங்க, போட்டா டிரேட் ஆகாது.

போன அந்த மூணு பேருக்கும் விதியை எழுதினதும் முதல்ல அனுப்புங்க தம்பி. ஆபீசர் மூலமா வேண்டாம், நீங்களே பேசுங்க. அவங்க வந்த வாரங்களைப் பழைய ரெய்டு லாக் பாத்து எண்ணி, சேர வேண்டிய புள்ளியையும் அதுலயே எழுதிக் கொடுங்க. சரி, அடுத்த கேள்விக்குப் போலாம்.