லிஸ்ட்ல இருக்கு, எடுத்தா இல்லைங்குது!

வணக்கம் மக்களே. இன்னிக்கு இன்ட்ரோ மியூசிக்லாம் கிடையாது, நேரா விஷயத்துக்குப் போயிடலாம். புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி: சேல்ஸ்ஃபோர்ஸ்னா கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரத்தை வச்சுக்கற சாஃப்ட்வேர், மேனேஜ்டு பேக்கேஜ்னா வேற கம்பெனி பூட்டிக் கொடுக்கற ஆப், ஆப்ஜெக்ட்னா டேட்டா டேபிள், லேஅவுட்னா ஸ்க்ரீன்ல ஃபீல்டுகளை அடுக்கற விதம். எதையெல்லாம் இறக்கணும்னு எழுதிக் கொடுக்கற ஃபைல்தான் பேக்கேஜ் எக்ஸ்எம்எல். அந்த வீடியோவுக்குக் கீழ பாதிப் பேரு ஒரே கேள்வி: "சேல்ஸ்ஃபோர்ஸ்ல இன்ஸ்டால் பண்ணின மேனேஜ்டு பேக்கேஜ்ல ஆப்ஜெக்ட் வருது, லேஅவுட் மட்டும் வரமாட்டேங்குது." வராதுங்க. நீங்க போட்ட பேரு தப்பு. கடுப்பு என்னன்னா, அந்தத் தப்பான பேரை எடுத்துக் கொடுக்கறதே ஆர்க்தான், அதாவது உங்க சேல்ஸ்ஃபோர்ஸ் சிஸ்டமேதான்!

பேக்கேஜோட நேம்ஸ்பேஸ், அதாவது அதுல இருக்கற பேருக்கெல்லாம் முன்னாடி ஒட்டிக்கற அடையாளம், ஏபிசின்னு வச்சுக்கோங்க. டெர்மினல்ல 'எஸ்எஃப் ஆர்க் லிஸ்ட் மெட்டாடேட்டா' கமாண்டை அடிச்சு, டைப் லேஅவுட்னு கொடுத்தா என்ன வருது? ஏபிசி, ரெண்டு அண்டர்ஸ்கோர், இன்வாய்ஸ், ரெண்டு அண்டர்ஸ்கோர், சி. ஹைஃபன். அதுக்கப்புறம் மொட்டையா 'இன்வாய்ஸ் லேஅவுட்'. அதை அப்படியே காப்பி பண்ணி பேக்கேஜ் எக்ஸ்எம்எல்ல போட்டா 'கேனாட் பி ஃபவுண்ட்'. ஹைஃபனுக்குப் பின்னாடியும் ஏபிசி, ரெண்டு அண்டர்ஸ்கோர் சேர்க்கணும். ரெண்டு! ஒண்ணு போட்டுட்டு என்கிட்ட வராதீங்க. அக்கவுண்ட் மாதிரி ஸ்டாண்டர்ட் ஆப்ஜெக்டா? முன்னாடி வெறும் அக்கவுண்ட், ஹைஃபனுக்குப் பின்னாடி மட்டும் ஏபிசி.

இதுல பெரிய அநியாயம், அது எரரா வராது, வார்னிங்காத்தான் வரும். ரிட்ரீவ், அதாவது ஆர்க்லேருந்து இறக்கற வேலை, 'சக்சீடட்'னு பச்சையா காட்டும், ஃபோல்டர்ல ஃபைல் இருக்காது. பச்சையைப் பார்த்ததும் டெர்மினலை மூடுறவங்க கையைத் தூக்குங்க.

ஆங், பேர்ல அடைப்புக்குறி இருந்தா லிஸ்ட்ல பர்சன்ட் 28, பர்சன்ட் 29னு தெரியும். அதை அழகுபடுத்தாதீங்க, அப்படியே விடுங்க.

ஒவ்வொண்ணா பேரு எழுத முடியாது, மொத்தப் பேக்கேஜும் வேணும்னா 'எஸ்எஃப் ப்ராஜெக்ட் ரிட்ரீவ் ஸ்டார்ட்' கூட 'பேக்கேஜ் நேம்' ஃப்ளாக். இங்க நேம்ஸ்பேஸைப் போடக் கூடாது. செட்டப்ல இன்ஸ்டால்டு பேக்கேஜஸ் பக்கத்துல இருக்கற முழுப் பேரு. நடுவுல ஸ்பேஸ் இருந்தா கோட்ஸ் போடுங்க. பேக்கேஜ் பேர்லயே தனி ஃபோல்டர் உருவாகும். அது படிச்சுப் பார்க்கறதுக்கு மட்டும்தான். ப்ராஜெக்ட் ஜேசன்ங்கற செட்டிங்ஸ் ஃபைல்ல, பேக்கேஜ் டைரக்டரீஸ்ல சேர்த்துடாதீங்க, நல்லா இருப்பீங்க. ஏபெக்ஸ், அதான் சேல்ஸ்ஃபோர்ஸோட ப்ரோக்ராமிங் மொழி, அந்தக் கோடைப் பார்த்துடலாம்னு ஆசைப்படாதீங்க. மேனேஜ்டு கிளாஸைத் திறந்தா உள்ள 'ஹிடன்'னு ஒத்தை வார்த்தைதான் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் 'இன்ஸ்டால்டு பேக்கேஜ்' டைப்புக்கு ஸ்டார் போட்டா எல்லாம் வந்துடும்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்லியிருந்தார். வராதுங்க. எந்த பேக்கேஜ், எந்த வெர்ஷன்னு சொல்ற குட்டி ஃபைல்தான் வரும்.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன், லேஅவுட் பேச்சுலயே சொல்லியிருக்கணும். ஆர்க்லேருந்து மேனிஃபெஸ்ட், அதான் அந்த பேக்கேஜ் எக்ஸ்எம்எல் ஃபைல், ஜெனரேட் பண்றீங்கல்ல, அதுல மேனேஜ்டு ஐட்டம் தானா வராது. 'இன்க்ளூட் பேக்கேஜஸ்' ஃப்ளாக்ல 'மேனேஜ்டு'ன்னு கொடுக்கணும். கொடுத்தா லிஸ்ட் அனுமார் வால் மாதிரி நீளும். ஒரு ரிட்ரீவுக்கு 10,000 ஃபைல், ஜிப் 39 எம்பி, அதுதான் லிமிட். அதனால லேஅவுட்டுக்கு ஒரு மேனிஃபெஸ்ட், ஆப்ஜெக்டுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு ஓட்டுங்க. லேஅவுட் மேனிஃபெஸ்ட்ல ஹைஃபனுக்குப் பின்னாடி ஏபிசி இருக்கான்னு ஒரு தடவை தேடிப் பார்த்துட்டு என்டர் தட்டுங்க.